தூங்கத்தானே ரூம்?

‘இந்த அறையில் நான்கு பேர் தங்கலாம்’ என்று உல்லாசக் கப்பல் கம்பெனிக்காரர்கள் போடுவது ஒரு பேச்சுக்கு. அப்பா, அம்மா, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்பதுதான் அவர்கள் மனசில் இருக்கும் குடும்பம். அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டு, நன்றாக வளர்ந்து முடித்த நான்கு உருப்படிகளைக் கூட்டிக்கொண்டு அறை வாசலில் வந்து நிற்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். டிக்கெட் போடுவதைப் பற்றி எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போது, மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, “தூங்கத்தானே ரூம்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த மனிதர் இன்னும் பிறக்கவில்லை.

இவருக்கு ‘ஒரே ரூம்காரர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். பெண்களிலும் உண்டு, அவர்கள் காசுப் பேச்சே எடுக்காமல், “எல்லாரும் ஒண்ணா இருந்தா பேசிக்கிட்டு இருக்கலாமே” என்று சொல்லி அதே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

தரையில் இருக்கும்வரை இவருடைய திறமை முழுசாக வெளியே தெரிவதில்லை. பழனியிலோ திருச்செந்தூரிலோ இரண்டு பேர் அறையில் ஒன்பது பேரைப் படுக்க வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தரை இருக்கிறது, ஜமக்காளம் இருக்கிறது, மிஞ்சிப்போனால் வராந்தா இருக்கிறது. கப்பலில் சன்னல் இல்லாத உள்ளறை என்பது ஏறக்குறைய 150 சதுர அடி. குளியலறை, அலமாரி, மேசை, நாற்காலி எல்லாமே அந்த 150-க்குள் அடக்கம். கட்டில்கள் போக மிஞ்சும் தரையில் ஒரு செருப்பைக் கழற்றி வைக்கலாம். இன்னொரு செருப்பை எங்கே வைப்பது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இவரை வளர்த்துவிட்டதில் கப்பல்காரர்களுக்கும் பங்கு உண்டு. கப்பலில் அறைக்கு வாடகை கிடையாது, தலைக்குத்தான் கட்டணம். அதுவும் அறைக்கு இரண்டு தலை என்று வைத்துப் போட்ட கணக்கு. தனி ஆளாகப் போனால், வராத இரண்டாவது ஆளுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் உங்களிடமே வாங்கிவிடுவார்கள். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாக நுழைந்தால் சலுகை. அறைக்கு இரண்டு பேர் இருந்தாலே கப்பல் நூறு சதவீதம் நிரம்பியதாகக் கணக்கு என்பதால், பெரிய கப்பல் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் நூறு சதவீதத்துக்கும் மேல் நிரம்பிவிட்டதாகக் கூச்சமே இல்லாமல் எழுதியிருப்பார்கள். நூறுக்கு மேற்பட்ட அந்தச் சதவீதத்தை எங்கே படுக்க வைத்தார்கள் என்று அறிக்கையில் இருக்காது. நான் சொல்கிறேன்: கூரையில்.

மூன்றாவது, நான்காவது படுக்கைகள் பகலெல்லாம் கூரைக்குள் மடங்கிக் கிடக்கும். சாயங்காலம் அறையைக் கவனித்துக்கொள்ளும் பையன் வந்து, ஒரு சாவியைப் போட்டுத் திருகி இறக்கி, சின்ன ஏணி ஒன்றை மாட்டிவிட்டுப் போவான். இதற்குப் புல்மன் படுக்கை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் படுத்துக்கொண்டு போகும் ரயில் பெட்டிகளைக் கட்டி வாடகைக்கு விட்டுப் பெரும் பணக்காரரான ஜார்ஜ் புல்மன் என்பவரின் பெயர் அது. இந்தத் தகவலை நான் என் மாமனாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. “அப்ப இது நம்ம டிபார்ட்மெண்ட் சரக்கு, மாப்ளே” என்று சொல்லி, அந்த நிமிஷத்திலிருந்து அறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

மாமனார் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்துச் சொச்சம் வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பூசணிக்காயையும் தட்டுவார், சம்பந்தி வீட்டுச் சுவரையும் தட்டுவார். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக விமானம் இருப்பது, சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குப் போய்த் திரும்பும் கப்பல் இருப்பது, அந்தக் கப்பலில் நாலு பேருக்கு ஒரே அறை கிடைப்பது ஆகிய மூன்றையும் அவரே கண்டுபிடித்தார். நான்கு பேர் யார் யார் என்றால் அவர், அத்தை, என் மனைவி, நான்.

மருமகன் என்பவன் நம் பக்கத்தில் எப்படிப்பட்ட ஜந்து என்று உங்களுக்குத் தெரியும். மாமனார் வீட்டில் அவனுக்கென்று ஒரு நாற்காலி இருக்கும். அவன் காபியை அவன் கேட்க வேண்டியதில்லை. அவன் படுக்கப் போகும்வரை மாமனார் சட்டையைக் கழற்ற மாட்டார். இந்த மரியாதையெல்லாம் இடம் இருந்தால்தான் நடக்கும் என்று கப்பலில்தான் தெரிந்தது. அறைக்குள் நுழைந்ததும் நான்கு பக்கமும் தட்டிப் பார்த்து, “ஸ்டீல்” என்று அறிவித்துவிட்டு, ஒதுக்கீட்டுப் பட்டியலை வாசித்தார். “அம்மாவுக்கு லோயர். சீனியர் சிட்டிசன் கோட்டாவுல எனக்கு லோயர். நீங்க ரெண்டு பேரும் அப்பர். மாப்ளே, லுங்கியோட ஏணி ஏறாதீங்க, ஷார்ட்ஸ் போட்டுக்குங்க.” நேற்றுவரை என் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்காராதவர்.

சுவர் ஸ்டீல் என்பது சும்மா சொன்ன தகவல் இல்லை. பெட்டியைத் திறந்தார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருந்த காந்தங்கள் முழுவதும் அதில் இருந்தன. உச்சிப் பிள்ளையார், குணசீலம் பெருமாள், ஒரு நகைக்கடை, ஒரு கண் ஆஸ்பத்திரி. பிள்ளையாரைத் தலைமாட்டில் ஒட்டினார். மற்றதை வைத்து ஒரு தாளை மாட்டினார். தாளில் நான்கு கட்டம். யார் எப்போது குளிப்பது, யார் எப்போது போனுக்குச் சார்ஜ் போடுவது என்று அட்டவணை. அறையில் நம் பிளக் ஏறுகிற துளை ஒன்றே ஒன்று. கூடுதல் பிளக் போட்டுக்கொள்ளலாம் என்று என் மனைவி கொண்டுவந்திருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கப்பல் ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். தீப்பிடித்தல் என்றால் கப்பல்காரர்களுக்கு அவ்வளவு பயம். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எதற்கும் அனுமதி கிடையாது. அத்தை கொண்டுவந்த சின்ன ரைஸ் குக்கரும் போனது. அத்தைக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

கதவோரத்தில், அறைச் சாவி அட்டையைச் செருகினால்தான் விளக்கும் ஏசியும் வேலை செய்யும் என்று ஒரு துளை. அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனால் எல்லாம் அணைந்துவிடும். மாமனார் துளையைக் குனிந்து பார்த்தார். பர்ஸைத் திறந்து ரேஷன் கார்டை எடுத்துச் செருகினார். விளக்கு எரிந்தது. தமிழ்நாடு அரசின் உணவுப் பொருள் வழங்கல் துறைக்கு, மலாக்கா நீரிணையில் ஏசி ஓட்டிய பெருமை உண்டு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நான்கு பேர் இருக்கும் அறையில் உண்மையான சிக்கல் படுப்பது இல்லை, உடை மாற்றுவது. சாயங்காலம் சாப்பாட்டுக்கு எல்லோரும் பளிச்சென்று போக வேண்டும். அத்தைக்குப் புடவை கட்ட இடம் வேண்டும். கொசுவம் வைக்க வேண்டுமானால் இரண்டு கை நீட்டும் அளவுக்காவது அகலம் தேவை; நீட்டினால் ஒரு கை அலமாரிக்குள்ளும் மற்றது தொலைக்காட்சி மேலும் போகும். ஆகவே ஆறு மணிக்கு ஒரு சட்டம் அமலுக்கு வந்தது: ஆம்பிளைகள் வெளியே.

வெளியே என்றால் நடைபாதை. முக்கால் கப்பல் நீளத்துக்குப் போகும் நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், நடுவில் பூப்போட்ட கம்பளம். முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து சுவரோரம் நின்றபோதுதான் கவனித்தேன், எங்களை மாதிரியே இன்னும் பல பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே ஒரு குஜராத்திக்காரர், தோளில் துண்டு, சோப்பு நுரை காதோரம் காயாமல். நாலு கதவு தள்ளிச் சிங்கப்பூர்ச் சீனத் தாத்தா ஒருவர், கையில் மனைவியின் கைப்பை. அதற்கும் அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரர், குர்தாவின் மேல் பாதி பித்தானைப் போட்டபடி. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கொஞ்ச நேரத்தில் மாமனார் குஜராத்திக்காரரைப் பார்த்து நான்கு விரலைக் காட்டினார். அவர் பெருமூச்சு விட்டு ஐந்து விரலைக் காட்டினார். மாமனார் முகம் ஒரு வினாடி சுருங்கியது. அன்று இரவு சாப்பாட்டில் வழக்கமான கலகலப்பு இல்லை. “அஞ்சாவது ஆளை எங்க போட்டிருப்பான்?” என்று ரசத்துக்கு நடுவே தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். பிறகு எப்படியோ விசாரித்து, ஐந்தாவது என்பது தொட்டிலில் போடும் கைக்குழந்தை என்று தெரிந்த பிறகுதான் பாயசத்தில் கையை வைத்தார்.

இரவு பத்து மணி ஆனால் விளக்கு அணைய வேண்டும். ரயிலில் பத்திலிருந்து ஆறுவரை தூங்கும் நேரம் என்று விதி இருக்கிறதே, அதே விதி கப்பலுக்கும். அணைத்ததும் வருகிற இருட்டு சாதாரண இருட்டு இல்லை. உள்ளறைக்குச் சன்னல் கிடையாது. கையை மூக்குக்கு நேரே கொண்டுவந்தால் மூக்கில் இடித்த பிறகுதான் கை என்று தெரியும். சில கப்பல்களில் இதற்கென்றே பொய்ச் சன்னல் வைக்கிறார்கள். வெளியே கேமரா வைத்து, உள்ளே வட்டத் திரையில் நிஜக் கடலைக் காட்டுவது. டிஸ்னி ட்ரீம் என்ற கப்பலில் 2011-இல் வந்தது. எங்கள் கப்பலில் அதெல்லாம் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் ஒரு சேனல், கப்பலின் முன்பக்கத்துக் கேமராவில் தெரிவதை நாள் முழுக்க அப்படியே காட்டியது. மாமனார் அதைக் கண்டுபிடித்து, ஒலியை நிறுத்தி, இரவு முழுக்க ஓடவிட்டார். “பால்கனி ரூம்ல இதைப் பார்க்க என்ன விலை தெரியுமா?” நடுக்கடலில் இரவில் அந்தச் சேனலில் கறுப்பாக ஒன்று தெரியும், அவ்வளவுதான். அதையும் அத்தை பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

கப்பலில் ஆபத்து வந்தால் ஊதும் சங்குக்கு ஒரு கணக்கு உண்டு. ஏழு சின்ன ஊதல், அடுத்து ஒரு நீள ஊதல். கேட்டால் அவரவருக்குச் சொன்ன இடத்தில் போய்க் கூட வேண்டும். புறப்படும் அன்றே எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். 2012-இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கோர்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது, புதிதாக ஏறிய பலருக்கு இந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியையே மாற்றினார்கள். எஞ்சின் விசில் பாஷையெல்லாம் தெரிந்த மாமனார் இந்த ஏழையும் ஒன்றையும் மிகவும் ரசித்தார். ரசித்ததோடு விட்டிருக்கலாம். முதல் ராத்திரி நடுச்சாமத்தில், அந்தக் கும்மிருட்டில், என் தலைக்குக் கீழே நான்கடியில் ஏழு சின்னக் குறட்டையும் ஒரு நீளக் குறட்டையும் துல்லியமாக வந்தன. நான் எழுந்து உட்கார்ந்தேன். உட்கார முடியாது என்பதைக் கூரை நினைவுபடுத்தியது. எதிர்ப் பரணிலிருந்து என் மனைவி, “அது அப்பாதான், படுங்க” என்றாள்.

காலையில் குளியலறை. கப்பல் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றித் தள்ளுவதில்லை, காற்றை உறிஞ்சி இழுக்கும். பித்தானை அமுக்கினால் எழுகிற சத்தத்தில் அறையில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். கூச்ச சுபாவம் உள்ள மருமகன்கள் இதற்காகவே பதினொன்றாம் தளத்துப் பொதுக் கழிப்பறையை நாடுவார்கள் என்று கேள்வி. குளிக்கும் இடம் ஆள் நிற்கும் அகலம். சோப்பு விழுந்தால் குனிய முடியாது, விட்டுவிட வேண்டியதுதான். அதன் குறுக்கே இழுத்துக் கட்டிக்கொள்ளத் துணிக்கொடி ஒன்று சுவரிலிருந்து வரும். நீச்சல் உடைகளுக்கென்று வைத்தது. அதில் எட்டு முழ வேட்டி ஒன்று நாலாக மடித்துக் காய்ந்துகொண்டிருந்தால், குளிப்பவருக்கு ஒரு பக்கம் பிளாஸ்டிக் திரையும் மறுபக்கம் மாமனார் வேட்டியும் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே ரூம்காரரைப் பற்றி ஒரு உண்மை, அவரோடு தங்கினால் மட்டுமே தெரிவது: தூங்கத்தானே ரூம் என்று சொல்கிறவர்தான் பகலில் அறையை விட்டு நகராதவர். காலைப் பலகாரம் முடிந்ததும் ஒரு கண்ணயர்வு. மத்தியானம் ஒன்று. நடுவில் ஏசி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு தடவை. மீதி மூன்று பேரும்தான் கப்பல் முழுக்க இடம் தேடி அலைவோம். நூலகத்தில் எந்த நாற்காலியின் கை ஆடும், எந்த மாடிப்படிக்குக் கீழே யாரும் வராமல் ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. புருஷனும் மனைவியும் இரண்டு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால் லிஃப்டில் ஏறி மேலும் கீழும் போய்வந்தோம்.

கஞ்சர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். இன்னொரு அறை எடுக்காததில் மிச்சமான பணம் என்று ஒரு தொகை அவர் மனசில் இருந்தது. அதை அவர் செலவழித்த அழகு கஞ்சனுக்கு வராது. கப்பல் போட்டோக்காரர் எடுத்த, விலை கேட்டால் மயக்கம் வரும் படங்களை வாங்கினார்: “ரூம்ல மிச்சம் பண்ணோமே.” அத்தைக்கு முழங்காலுக்கு மசாஜ்: “ரூம்ல மிச்சம் பண்ணோமே.” பினாங்கில் இறங்கிய உடனே பூ வைத்த சைக்கிள் ரிக்‌ஷா இரண்டு, ஊர் முழுக்கச் சுற்ற. எனக்கு ஒரு கைக்கடிகாரம். அந்த ஒரு மிச்சத்தை அவர் எத்தனையோ தடவை முழுசாகச் செலவு செய்தார். ஒவ்வொரு தடவையும் அது குறையாமல் அப்படியே இருந்தது. கேட்டால் கணக்கு சொல்வார், அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கும்.

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஊருக்குள்ளேயே இருக்கிறது; இறங்கி நடந்தால் கடைத்தெரு. அங்கே இறங்கியதும் கொஞ்ச நேரம் நின்றார். பொன்மலைப் பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1920-களின் கடைசியில்தான் திருச்சிக்கு வந்தது. அவர் தாத்தா பட்டறையோடு திருச்சிக்கு வர, தாத்தாவின் தம்பி நாகப்பட்டினத்திலேயே ‘ரஜூலா’ ஏறிப் பினாங்குக்கு வந்துவிட்டார். 1926-இல் கட்டிய கப்பல் அது. இரண்டு தலைமுறைத் தமிழர்களைச் சென்னையிலும் நாகையிலும் ஏற்றிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறக்கியது. அறை எடுத்தவர்கள் சொற்பம். மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் தட்டிலேயே பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்தவர்கள். “சின்னத் தாத்தா ரூமே எடுக்கல, மாப்ளே” என்றார் மாமனார். அந்தக் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்ததாக எனக்குப் பட்டது.

கடைசி ராத்திரி கணக்குத் தீர்க்கும் வரிசை. வரவேற்பு மேசையில் கிள்ளானைச் சேர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி. சீட்டை வாங்கிப் பார்த்த மாமனார், ஊழியர்களுக்கான டிப்ஸ் தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று நான்கு பேருக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பதைக் கண்டார். கப்பலில் எங்கும் இருக்கும் வழக்கம்தான் அது; ஆனால் அவர் விரலால் மேசையைத் தட்டினார்.

“ரூம் ஒண்ணுதானேம்மா? பெருக்குனது ஒரு ரூம். விரிச்சது ஒரு ரூம். டிப்ஸ் மட்டும் எப்படி நாலு?”

“தலைக்குத்தான் அங்கிள் கணக்கு. உங்க ரூம்ல நாலு பேர் இருந்தீங்க இல்லையா, அவனுக்கு வேலை கூடத்தானே?”

“நாலு பேர் இருந்தா வேலை கூடும்னு யாரு சொன்னது? ஏம்மா, நீங்கல்லாம் எங்க தங்குறீங்க?”

“கீழ அங்கிள். தண்ணி மட்டத்துக்கும் கீழ. ரெண்டு பேருக்கு ஒரு ரூம், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. உங்க ரூம்ல பாதிகூட இருக்காது.”

மாமனார் கண்ணாடியைக் கீழே இறக்கினார். “பாதியா?”

“பாத்ரூமும் சேர்த்துத்தான் அங்கிள்.”

டிப்ஸ் சீட்டு மடங்கிச் சட்டைப் பைக்குள் போனது. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டு லிஃப்ட்வரைக்கும் வந்துவிட்டது. அவர் மேசை மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டார்.

“அலமாரி எந்தப் பக்கம் வச்சிருக்கான்? ஏணி கழட்டுற மாதிரியா, ஃபிக்ஸா?”

அவளும் பாவம், சொன்னாள். கால்மாட்டில் அலமாரி, கழற்ற முடியாத ஏணி, கதவுக்குப் பின்னால் நாலு கொக்கி. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“ஒரு தடவை பார்க்க முடியுமாம்மா?”

“பயணிங்க அங்க வரக் கூடாது அங்கிள்.”

“உள்ள வரலம்மா. வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போயிடுறேன்.”